பார்க்கும் உரிமை

சைவ சித்தாந்தத்தில் குருவின் அருளுக்கு மூன்று உயிர்களை உவமையாகச் சொல்வார்கள். பறவை தன் முட்டையை அணைத்து, தொட்டுப் பொரிக்கிறது. மீன் பார்த்துக்கொண்டே இருந்து பொரிக்கிறது. ஆமை கரையில் முட்டையைப் புதைத்துவிட்டுக் கடலுக்குள் போய்விடுகிறது. அங்கிருந்தபடி நினைத்து நினைத்தே பொரிக்கிறது. பரிச தீட்சை, நயன தீட்சை, மானச தீட்சை என்று மூன்றுக்கும் பெயர்.

உயிரியலைக் கேட்டால் கதை என்று சொல்லிவிடும். முட்டையைப் பொரிப்பது மணலின் சூடு. கடலுக்குத் திரும்பிய ஆமை அந்த முட்டைகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த உவமையை முதலில் சொன்னவர் கடற்கரைப் பக்கம் கொஞ்சக் காலமாவது இருந்திருக்க வேண்டும். தாய்க்கும் முட்டைக்கும் நடுவில் தொடுதலும் இல்லை, பார்வையும் இல்லை, ஆனாலும் குஞ்சு வருகிறது என்பதைக் கவனித்திருக்கிறார். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்து, நினைவைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்.

எனக்கு இந்த உவமை வேறொரு கேள்விக்காகத் தேவைப்படுகிறது. நாம் நேசிக்கும் ஒன்றைப் பார்க்காமல் இருப்பது நமக்குக் கடமையாக முடியுமா?

கேட்கவே அபத்தமாக இருக்கலாம். பார்ப்பதில் என்ன தப்பு? எடுத்தால் தப்பு, உடைத்தால் தப்பு, குப்பை போட்டால் தப்பு. "சும்மா பாத்துட்டுத்தானே போறேன்" என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் மறுக்காத சமாதானம். படத்தைத் தவிர எதையும் எடுக்காதீர்கள், காலடியைத் தவிர எதையும் விட்டுச் செல்லாதீர்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் உலகத்தில் எந்தக் காட்டுக்குப் போனாலும் கண்ணில் படும். நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் ஆமை முட்டையிடும் கடற்கரையில் அந்த இரண்டு சலுகைகளுமே தீங்கானவை. படம் எடுக்கும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கரையேறிய ஆமை மிரண்டு திரும்பிப் போகும். நாம் விட்டுச் செல்லும் ஆழமான காலடிக் குழியில், இரவில் வெளியே வரும் குஞ்சு விழுந்து மேலே ஏறத் திணறும். நாலைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள உயிருக்கு நம் குதிகால் பதிந்த இடம் ஒரு பள்ளத்தாக்கு.

பினாங்குத் தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிய ஓர் இரவில்தான் இந்தக் கேள்வி எனக்கு முளைத்தது. இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெலுக் பாஹாங்கில் 101ஆம் எண் பேருந்து வந்து நிற்கும் இடத்திலேயே பூங்காவின் வாசல். முன்பு பந்தாய் ஆச்சே காப்புக்காடாக இருந்தது. காட்டில் நடந்து பழகியவர்கள் பல ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்த பிறகு 2003இல் தேசியப் பூங்காவானது. நிலமும் கடலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 2,500 ஹெக்டர்தான். தேசியப் பூங்கா என்று சொல்லிக்கொள்ளும் இடங்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. வாசலிலிருந்து கெராச்சுட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. மேடு ஏறி இறங்க வேண்டும். வேரே படிக்கட்டு, வேரே கைப்பிடி. நடக்க முடியாதவர்கள் படகில் வரலாம்.

கடற்கரையை எட்டுவதற்குச் சற்று முன் ஒரு பாலம். அதன் கீழே இருப்பது விநோதமான ஓர் ஏரி. மேலே ஓடையிலிருந்து வந்த நன்னீர், கீழே கடலிலிருந்து புகுந்த உப்புநீர். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். சில மாதங்களில் வற்றிச் சேறாகக் கிடக்கும். நாங்கள் போனபோது சேறுதான். அதைப் பார்க்கவே வந்த ஒரு ஜோடி பாலத்தில் நின்று ஏமாற்றத்தோடு கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஏமாற்றத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாங்கள் நான்கு பேர். நான் 'அண்ணே' என்று கூப்பிடும் நண்பர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள், நான். தங்கல் வசதி என்று எதையும் சொல்ல முடியாது. கூரை மட்டும் உள்ள சில வக்காஃப், ஒரு கழிப்பறை, மணல். கடலில் இறங்க முடியாது. ஜெல்லி மீன் உண்டு, நீரோட்டமும் நல்லதல்ல. குரங்குகள் மெகி பாக்கெட்டின் சத்தத்தை அரை மைல் தூரத்திலிருந்து கேட்கும். சாயங்காலம் ஆனதும் கண்ணுக்குத் தெரியாத ஆகாஸ் பூச்சி கணுக்காலைப் பதம் பார்க்கும். சோற்றில் மணல், கோப்பியில் மணல். தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கோடு வளர்ந்த நம் பாட்டிமார் யாராவது பார்த்திருந்தால், "இதுக்குக் காசு வேற செலவழிச்சியா?" என்று கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான்.

கெராச்சுட்டில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது. பச்சை ஆமையும், தமிழகத்துக் கடற்கரையில் பங்குனி ஆமை என்று சொல்லப்படும் சிறிய ஆமையும் இந்தக் கரைக்கு வரும். நாங்கள் போனது பச்சை ஆமையின் பருவம். ஆகவே மகளுக்கு ஒரே கேள்வி. நடக்கும்போதும், சாப்பிடும்போதும், கூடாரத்துக்கு முளை அடிக்கும்போதும்.

"அங்கிள், ஆமை வருமா?"

"வரலாம், வராமலும் போகலாம்."

"வந்தா எழுப்புவீங்களா?"

இருட்டிய பிறகு அடுத்த கூடாரக் கூட்டம் ஒரு மரத்தில் வண்ண விளக்குச் சரம் கட்டியது. பேட்டரியில் எரிவது, அழகாகத்தான் இருந்தது. காவலர் ஒருவர் வந்தார், வயதானவர். "லம்பு துத்துப் யா" என்று மெதுவாகச் சொன்னார். விளக்கை அணையுங்கள். கூட்டத்தில் ஒருவர், நாங்கள் பதிவு செய்துதானே வந்திருக்கிறோம், பணம் கட்டியிருக்கிறோமே என்றார். குரலில் சண்டை இல்லை, உண்மையான குழப்பம் இருந்தது. பாக்சிக் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. கடலைக் கை காட்டிவிட்டு நின்றார். சரம் அணைந்தது. அரைமணி நேரம் கழித்து மறுபடி எரிந்தது. மறுபடி அவர் வந்தார்.

இருட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தமிழில் இருட்டுக்கு நல்ல பெயரே கிடையாது. அறியாமை இருள், துன்பம் இருள், சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கே இருள்மலம் என்று ஒரு பெயர். தீபாவளி, கார்த்திகை தீபம், வள்ளலாரின் சோதி என்று நம்முடைய நல்லதெல்லாம் வெளிச்சத்தின் பக்கம். தோட்டத்துக்கு மின்சாரம் வந்த நாளைத் தங்கள் விடுதலை நாளைப் போல நினைவுகூரும் பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அப்படிப்பட்ட மொழியில் வளர்ந்த ஒருவரிடம் போய், விளக்கை அணைப்பது ஒரு நல்ல செயல் என்று சொல்வது சுலபமில்லை. இதே பூங்காவின் முனையில் 1883இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கப்பல்காரனுக்கு அந்த வெளிச்சம்தான் உயிர்.

ஆமையின் கணக்கு வேறு. இரவில் மணலிலிருந்து வெளியே வரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. நிலத்தின் பக்கம் மரங்கள் கறுத்து உயர்ந்து நிற்கும். கடலின் பக்கம் அடிவானம் தாழ்ந்து, கொஞ்சம் வெளுத்திருக்கும். வெளுத்த பக்கம் போ என்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாடம். பல கோடி ஆண்டுகளாக அது போதுமானதாகவும் இருந்தது. மரத்தில் ஒரு விளக்குச் சரம் எரிந்தால் அந்தப் பாடம் தலைகீழாகிவிடுகிறது. குஞ்சு காட்டை நோக்கி நடக்கும். பொரித்து வந்த பிறகு முதல் ஒரு நாள் அளவுக்கு விடாமல் நீந்தித் தள்ளும் ஒரு வேகம் அதன் உடம்பில் இருக்கும், எஞ்சிய மஞ்சள் கருவிலிருந்து கிடைக்கும் சக்தி. அதைத் தப்பான திசையில் செலவழித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. தாய்க்கும் அப்படித்தான். முட்டையிடத் தொடங்குவதற்கு முன் வெளிச்சமோ ஆளரவமோ பட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

ஆகவே பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும், வருவதற்கு இருட்டு வேண்டும். நான் கேட்ட கேள்வியின் முடிச்சு இதுதான். சிங்கத்தையோ யானையையோ பார்ப்பதில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. கெராச்சுட் ஆமை விஷயத்தில், பார்க்க வேண்டும் என்ற ஆசையே பார்க்கப்படும் பொருளை விரட்டும் சக்தியாக இருக்கிறது.

அன்று இரவு நண்பர் இதைத்தான் மறுத்தார். விளக்கில்லாமல் மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கடலில் தூரத்தில் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சம் மட்டும் புள்ளி புள்ளியாக.

"தம்பி, நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா பாக்காத ஒன்ன எவன் காப்பாத்துவான்? இந்தக் காட்டையே எடுத்துக்க. நடந்து பாத்தவங்க பேசினதாலதானே பூங்காவாச்சு. யாரும் வரக் கூடாது, யாரும் பாக்கக் கூடாதுன்னு கதவ சாத்திட்டா, பத்து வருசத்துல பத்து ஃபெரிங்கி மாதிரி ஓட்டலா நிக்கும். கேக்க ஆள் இருக்காது."

இது சின்ன வாதமில்லை. எனக்குத் தெரிந்து இயற்கைப் பாதுகாப்பின் மொத்த அரசியலும் இதன்மேல்தான் நிற்கிறது. பார்த்தால் பிடிக்கும், பிடித்தால் பாதுகாப்பார்கள். பள்ளிக் குழந்தைகளை மையத்துக்கு அழைத்துப் போவதும், தொட்டியில் நீந்தும் குஞ்சைக் காட்டுவதும் இதற்காகத்தான். மகளும் அவள் பங்குக்கு ஒன்று கேட்டாள்.

"பாக்கலன்னா, ஆமை நெசமாவே வருதுன்னு எப்படித் தெரியும்?"

அவளுக்கு அன்று நான் சொன்ன பதிலைவிட, தெரெங்கானுவில் நடந்தது நல்ல பதில். ரந்தாவ் அபாங் என்ற கடற்கரை. உலகின் மிகப் பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை அங்கேதான் வந்துகொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் அதைப் பெஞ்யு பெலிம்பிங் என்பார்கள். முதுகில் உள்ள வரம்புகள் பெலிம்பிங் பழத்தை, நாம் நட்சத்திரப்பழம் என்கிறோமே அதை, நினைவூட்டுவதால் வந்த பெயர். 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற அளவில் அங்கே முட்டைக்குழிகள் இருந்தன. அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும். டார்ச்லைட்டோடு வந்தார்கள், சுற்றி நின்றார்கள், துடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். 1988இல் அது சரணாலயமாக்கப்பட்டபோது நேரமாகியிருந்தது. 1990களின் இறுதியில் வந்த ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் மட்டும் அந்த ஆமையை அழித்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் முட்டைகள் ஏறக்குறைய முழுமையாகத் தோண்டி எடுக்கப்பட்டுச் சந்தைக்குப் போயின. கடலில் வலைகளில் சிக்கி இறந்தவை கணக்கிலடங்காது. இவை பெரிய காரணங்கள். டார்ச்லைட் சிறிய காரணம். ஆனால் நண்பரின் வாதத்துக்கு ரந்தாவ் அபாங் ஒரு சோதனை. பார்த்தால் நேசிப்பார்கள், நேசித்தால் காப்பார்கள் என்றால், இந்த நாட்டில் அந்த ஆமையைவிட அதிகமாகப் பார்க்கப்பட்ட காட்டுயிர் எது? மாநிலத்தின் அடையாளமாகவே ஆனது. சிலை வைத்தார்கள். அத்தனை கண்கள் அதன்மேல் இருந்தன. பார்த்த அத்தனை பேரும் மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்குப் போனார்கள், அதே வாரம் சந்தையில் முட்டையும் விற்றது. தெரெங்கானுவில் எல்லா ஆமை முட்டைகளுக்கும் வணிகத் தடை நடைமுறைக்கு வந்தது 2022இல்தான்.

பார்வைக்கும் அக்கறைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. பார்வை தானாக அக்கறையாக மாறுவதில்லை. சில நேரம் பார்த்துவிட்ட திருப்தியே அக்கறையின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. "நான் பாத்துட்டேன்" என்று சொல்லும்போது நம் குரலில் இருப்பது ஒரு வேலை முடிந்த நிம்மதி.

தொடுவதும் இதில் சேர்த்திதான். ரந்தாவ் அபாங்கில் முட்டைகளைக் காப்பாற்றுவதற்காகப் பொரிப்பகம் வைத்தார்கள். திருடர்களிடமிருந்தும் உடும்பிடமிருந்தும் காப்பாற்ற வேறு வழி இல்லை, நல்ல முயற்சி. ஆனால் ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். வெயிலில் கிடந்த பொரிப்பக மணலில் கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகவே பொரிந்துகொண்டிருந்தன என்பது 1990களில் ஆய்வாளர்கள் சூட்டை அளந்த பிறகே தெரியவந்தது. பெண் ஆமை கரைக்கு வந்தாலும், அதனோடு சேர ஆண் இல்லாவிட்டால் முட்டை பொரியாது. அன்போடு தொட்ட கை அது. இப்போது பொரிப்பகங்களில் நிழல்வலை கட்டிச் சூட்டைக் குறைக்கிறார்கள். கற்றுக்கொண்டார்கள், நல்லது.

பினாங்கிலேயே ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயிலின் ஆமைக் குளத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடுதலை செய்வதாக நினைத்துப் புண்ணியத்துக்காக விடப்பட்ட ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். கங்கோங் கட்டு வாங்கி நாமே கையால் ஊட்டலாம். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்த காலம் உண்டு. கெராச்சுட்டிலிருந்து ஒரே தீவின் சாலைத் தூரம்தான். அங்கே ஆமை எப்போதும் பார்வைக்குக் கிடைக்கும், இங்கே கிடைக்காது. எந்த ஆமையின் மேல் நமக்கு அக்கறை அதிகம் என்பதைக் குளத்துத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

காலையில் பசியாறுவதற்கு முன்பே மகள் கூப்பிட்டாள். கடற்கரையின் அந்தக் கோடியில் பாக்சிக் நின்றுகொண்டிருந்தார். மணலில் டிராக்டர் சக்கரம் போல ஒரு தடம். கடலிலிருந்து மேலே ஏறி, அடும்புக் கொடி படர்ந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு வளைந்து, மறுபடி கடலுக்கே போயிருந்தது. குழி இல்லை. தோண்டிய மண் இல்லை. வந்தது, திரும்பிவிட்டது.

ஏன் திரும்பியது? பாக்சிக் தோளைக் குலுக்கினார். மணல் பிடிக்காமல் இருந்திருக்கலாம், ஒரு கட்டையில் முட்டியிருக்கலாம், சும்மாவேகூடத் திரும்பும், அடுத்த இரவு வேறு இடத்தில் ஏறும் என்றார். விளக்குச் சரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்தக் கூட்டமும் வந்து தடத்தைப் பார்த்தது. அவர்களில் ஒருவர், "அடடா, மிஸ் பண்ணிட்டோமே" என்றார். நான் அந்தச் சொல்லிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தவறவிட்டது யார்? நூறு முட்டைகளைச் சுமந்துகொண்டு, இருபது முப்பது ஆண்டு வளர்ந்து பருவமடைந்து, இந்த ஒரு கரையைத் தேடி வந்து, முட்டையிடாமல் போன ஒன்று இருக்கிறது. நமக்கு அது காணாமல் போன ஒரு காட்சி.

மகள் மட்டும் தடத்துக்குப் பக்கத்தில் குந்தி, கையை வைத்து அகலத்தை அளந்து பார்த்தாள். நேற்றிரவு கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பார்க்காமலேயே.

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் ஒரு கடலாமை வருகிறது. அடும்புக்கொடி சிதைய மணலைக் குவித்து, முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு வரும்வரை ஆண் ஆமை அவற்றைக் காவல் காக்கும் என்று பாட்டு சொல்வது உயிரியலுக்குப் பொருந்தாது. ஆண் கடலாமை கரைக்கு வருவதே அரிது. ஆனால் மறைத்தல் என்ற செயலைப் புலவர் விடாமல் பிடித்திருக்கிறார். ஆமை அதைத்தான் செய்கிறது. இரவில் வருகிறது, புதைக்கிறது, துடுப்பால் மணலைத் தூவித் தடத்தைக் குழப்புகிறது. தன்னை மறைத்துக்கொள்ள ஓர் உயிர் இவ்வளவு பாடுபடும்போது, அதைக் கண்டுபிடிப்பதை ஒரு விடுமுறைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறோம்.

நம்மிடம் இதற்கு வேறு பழக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போகிறோம். மேலே போனால் திரை போட்டிருக்கும். அலங்காரம் நடக்கிறது, காத்திருங்கள் என்பார்கள். யாரும் ஏறிய படிக்குக் கணக்குக் கேட்பதில்லை. திரையை விலக்கி எட்டிப் பார்ப்பதில்லை. சில நேரம் நடை சாத்திவிடும். வாசலில் விழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறோம். வீட்டில் கேட்டால், "கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்" என்றுதான் சொல்கிறோம். "சாமியை மிஸ் பண்ணிட்டேன்" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தரிசனம் என்பது பார்ப்பவரின் உரிமையாக இல்லாமல், கொடுப்பவரின் விருப்பமாக இருக்கிறது. நான் ஆமையைச் சாமியாக்கச் சொல்லவில்லை. அது வேறு வகைத் தொல்லையில் கொண்டுபோய் விடும். கட்டணம் கட்டியதாலும் மேடு ஏறியதாலும் மட்டும் ஒன்றைப் பார்க்கும் உரிமை வந்துவிடுவதில்லை என்பதை நம் கால்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறேன்.

நண்பரின் வாதத்தில் எது மிஞ்சுகிறது? நிறையவே மிஞ்சுகிறது. யாரும் போகாத காடு எளிதாகக் கைமாறும் என்பது உண்மை. போக வேண்டும். பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும், மேடு ஏற வேண்டும், மணல் விழுந்த சோற்றைத் தின்ன வேண்டும். ஆனால் போவதும் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கூடாரத் தங்கலின் வசதிக்குறைவில் எனக்குப் பிடித்ததே இதுதான். ஓட்டலில் எல்லாம் நமக்காக ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும், சன்னலில் தெரியும் கடல்கூட. கெராச்சுட்டில் எதுவும் நமக்காக இல்லை. ஏரி வற்றியிருந்தால் வற்றித்தான் இருக்கும். ஆமை வராவிட்டால் வராது. நாம் அங்கே ஒரு கூடுதல் உருப்படி. அந்த நிலைமையைத் தாங்கிக்கொள்ளத்தான் அங்கே போகிறோம் என்று நான் நினைக்கிறேன். அதைத் தாங்க முடியாதவர்கள்தான் விளக்குச் சரம் கொண்டு வருகிறார்கள்.

ஆனால் போன மாதம் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அகச்சிவப்பில் இயங்கும் இரவுக் கேமரா. மனிதக் கண்ணுக்கும் தெரியாது, ஆமைக்கும் உறைக்காது, ஒரு கட்டையில் கட்டிவிட்டுத் தூங்கலாம், கைப்பேசியில் பார்க்கலாம். "இப்ப என்ன சொல்ற தம்பி? தொந்தரவே இல்ல. அப்பவும் பாக்கறது தப்பா?"

சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். நான் இதுவரை சொன்னதில் பெரும்பகுதி தீங்கைப் பற்றியது. தீங்கை நீக்கிவிட்டால் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டுதான் ஆமையைப் பற்றி நமக்குத் தெரிந்த பலவற்றைத் தெரிந்துகொண்டார்கள். அவர்களை எந்த ஆமையும் தடுக்கச் சொல்லாது. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று ஒப்ப மறுக்கிறது. அன்று இரவு நாங்கள் நான்கு பேரும் விளக்கில்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எந்த நிமிடமும் வரலாம் என்று அந்தப் பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். தன் குரலை இவ்வளவு தாழ்த்தி அவள் பேசி நான் கேட்டதில்லை. கேமரா இருந்திருந்தால் நால்வரும் கூடாரத்துக்குள் திரையைப் பார்த்திருப்போம். ஆமைக்கு எந்த நட்டமும் இல்லை. நட்டம் எங்கள் பக்கம், அதுவும் நட்டம்தானா என்பதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன். கேமராவைக் கொண்டு வாங்க அண்ணே, பாக்சிக்கிடம் கேட்டுவிட்டுக் கட்டலாம். ஆனால் இரவில் திறக்க வேண்டாம், விடிந்ததும் பார்ப்போம்.

"அப்ப ராத்திரி பூரா அங்க உக்காந்து என்னதான் பண்றது?"

போன தடவை செய்ததைத்தான் என்று போட்டேன். கொசுவத்தி மறக்காமல் எடுத்துவரச் சொன்னார்.